நிற்காமல் ஓடிய பெட்டி

நான் பயந்தவள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பஸ் மலை இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். வானம் இருட்டினாலே டிவி ஒயரைப் பிடுங்கிவிடுவேன். பக்கத்து வீட்டுக் குழந்தை நாலு தடவை இருமினால் நான் இங்கே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லன்னா அதுக்கும் பயப்படுவே நீ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் நான் சொல்லப்போகும் அந்த மழைக்காலத்திலும், அதையடுத்து வந்த மார்கழியிலும் அவருக்கும் என் அளவுக்குப் பயம் இருந்தது. ஆம்பிளை என்பதால் அதைக் காட்டிக்கொள்ளாமல் திரிந்தார், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் வெள்ளிமலையில் குடியிருந்தோம். நான் தியாகதுருகத்துப் பக்கத்துப் பெண். அவர் கள்ளக்குறிச்சிக்கும் மலைக்குமாக ஜீப் ஓட்டினார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே மகள். எட்டு வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருவது போல மாத்திரையில் அடங்குவது அல்ல. காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் பிள்ளை இருக்காது என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்சம்மா, மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், ஆனால் ஐஸ் கட்டி பிடிக்கும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

அந்த மருந்துக்காகத்தான் பெட்டி வாங்கினோம். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மேலே ஐஸ் பிடிக்கிற ஃப்ரீசர், கீழே தட்டுகள். ஃபிரிட்ஜ் என்று நாங்கள் சொன்னதே கிடையாது, பெட்டி என்றுதான் சொல்வோம். ஃப்ரீசருக்கு அடுத்த தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துக் குப்பிகள் இருக்கும். வேறு எதையும் அந்தத் தட்டில் வைக்க விட மாட்டேன். மலையில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே என் காது எப்போதும் பெட்டியின் மேலேயே இருக்கும். பெட்டி ஓடும் சத்தம் நின்றால் கையில் இருக்கும் துணியைப் போட்டுவிட்டு எழுந்து லைட் எரிகிறதா என்று பார்ப்பேன். லைட் எரிந்தால் பெட்டி தானாக ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். லைட் எரியாவிட்டால் கரண்ட் வரும் வரை பெட்டிக் கதவை யாரையும் திறக்க விட மாட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் அறுந்துபோனது. ரோட்டிலும் மண் சரிந்து ஜீப், பஸ் எதுவும் இறங்க முடியவில்லை. கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. பானையில் ஈர மணலைப் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை இறக்கி, அதற்குள் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடினேன். நர்சம்மா சொல்லிக்கொடுத்த வழிதான். ஆனாலும் ஒவ்வொரு ஊசியும் போடும்போது இது மருந்தா வெறும் தண்ணீரா என்ற சந்தேகம் வந்தது. என் வீட்டுக்காரர் வாசலுக்கும் பானைக்குமாக நடந்தார். நல்ல வேளையாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கரண்ட் வந்த அன்று அவர் குளித்துவிட்டு, தேங்காயும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு நேராக மலைக்கோயிலுக்குப் போனார்.

வரும்போது கையில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. விரல் பருமனுக்கு முறுக்கிய நூல் கயிறு, மஞ்சளில் ஊறியது. அந்தப் பக்கத்தில் வண்டி, ஏர், மாட்டுத் தொழுவம் எதற்கென்றாலும் வேண்டிக்கொண்டு காப்புக் கயிறு கட்டுவார்கள். வேண்டுதல் தீரும் வரை அதை அவிழ்க்கக் கூடாது. ஆடித் திருநாளில் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பூசாரி கையால்தான் அவிழ்ப்பார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பெட்டிக்குக் கட்டினார். ஒரு முனையை உள்ளே மருந்து டப்பாவைச் சுற்றி முடிந்தார். மறுமுனையைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து கைப்பிடியில் கட்டி, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து தொங்கவிட்டார். கதவு திறந்து மூட இடைஞ்சல் இல்லாதபடி கயிற்றை நீளமாகவே விட்டிருந்தார்.

"இன்னா வேண்டிக்கினீங்க?" என்று கேட்டேன்.

"பெட்டி நிக்காம ஓடணும்னு வேண்டிக்கினேன். வேற இன்னா வேண்டுவாங்க" என்றார்.

சாமி கேட்டுக்கொண்டது என்றுதான் நினைத்தோம். அன்றிலிருந்து பெட்டி நிற்கவே இல்லை. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். இப்போது காலையில் எழுந்தாலும் ஓடுகிறது, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாலும் ஓடுகிறது. கரண்ட்டும் அந்தக் கார்த்திகையில் அதிகம் போகவில்லை. என் காதுக்கு அது தாலாட்டாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. பிள்ளைக்கு ஊசி போட ஆரம்பித்த நாளிலிருந்து நான் நிம்மதியாக ஜாக்கெட் தைத்தது அந்த ஒரு மாதம்தான்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. கயிறு எப்போதும் ஈரமாகவே இருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, ஆனாலும் கைப்பிடியில் தொங்கும் முடிச்சிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "சாமிக்கு வேர்க்குது பாரு, உம் பொண்ணுக்காக அது பாடுபடுது" என்றாள். நாங்களும் நம்பினோம். மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நானும் ஒற்றிக்கொண்டேன். தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட ஒற்றிக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்தது. மலையில் மார்கழி என்றால் காலையில் கதவைத் திறக்கவே மனசு வராது. அந்தக் குளிரிலும் என் மகள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள். அடிக்கடி வெளியே போய்வந்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினில் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ நின்றது. எதையாவது திருட்டுத்தனமாகத் தின்றாயா என்று அதட்டினேன். இல்லை என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நான் அந்தப் பாவாடையைப் பிடித்துத் தைத்துக்கொடுத்தேன். தைக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "பெட்டியிலதாங்க. நிக்காம ஓடுது." பிள்ளை வளர்கிறது, அதற்கேற்ப அளவை ஏற்ற வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் அளவைக் கூட்டினார். கொஞ்சம் குறைந்தது, பிறகு பழையபடி ஏறியது. மறுபடியும் போனோம், மறுபடியும் கூட்டினார்கள். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் மருந்தையும் கொண்டுவாருங்கள், பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குள் வீட்டில் திறந்திருந்த குப்பி ஒரு ஊசிக்குக்கூடக் காணாத அளவுக்குத் தீர்ந்துவிட்டது, மாற்றுக்கு ஒன்றுதான் மிச்சம். அரையாண்டு லீவு நேரம். என் வீட்டுக்காரர் முதல் நாள் கள்ளக்குறிச்சியில் தங்கி, புது மருந்து வாங்கி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு காலையில் முதல் நடையிலேயே வந்துவிட்டார். ஊசி நேரம் ஆகிவிட்டதால் மருந்தைப் பெட்டியில் வைக்காமல் ஃபிளாஸ்க்கிலிருந்து எடுத்தே போட்டேன். கூட்டிய அளவுதான் போட்டேன். மகள் இட்லி சாப்பிட்டாள். அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தையல் மெஷினில் இருந்தேன். அவள் என் காலடியில் உட்கார்ந்து ஜாக்கெட் ஊக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊக்கு ஒண்ணு எடுத்தா ரெண்டா தெரியுது" என்றாள்.

"கண்ணைக் கிட்ட வச்சிப் பாக்காதே" என்று திரும்பாமலே சொன்னேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரில் அவள் நெற்றியெல்லாம் வேர்வை. கையிலிருந்த ஊக்கு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிகிறாள் என்று நினைத்தேன், அப்படியே சாய்ந்துவிட்டாள். சர்க்கரை ஏறினால் இப்படி ஆகாது, இறங்கினால்தான் ஆகும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் மார்கழி பிறந்ததிலிருந்து ஏறிப்போன சர்க்கரையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஆனாலும் நர்சம்மா சொன்னதையே நம்பினேன். அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தட்டிவிட்டு, தரையில் கொட்டியதை அள்ளிக்கொண்டு வந்து, விரலால் அவள் கன்னத்துக்குள் தேய்த்தேன். பல் கிட்டிக்கொண்டு என் விரலைக் கடித்தது. கடிக்கட்டும், கடித்தால் உயிர் இருக்கிறது என்று விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை. அவள் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அம்மா, இனிக்குது" என்றாள்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு, கரைத்த சர்க்கரைத் தண்ணீரை ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதே அளவுதானே நேற்றும் போட்டேன். நேற்றுப் போட்டது வேலை செய்யவில்லை, இன்று போட்டது பிள்ளையைச் சாய்த்துவிட்டது. நேற்றுப் போட்டது பெட்டியிலிருந்த மருந்து. இன்று போட்டது பெட்டிக்குள் போகாத மருந்து.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். தினமும் திறக்கிற பெட்டிதான், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஃப்ரீசரில் இருக்க வேண்டிய பனி அதன் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மருந்துத் தட்டின் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது. டப்பாவின் பாதி பனிக்குள் புதைந்திருந்தது. டப்பாவை இழுத்தேன், வரவில்லை. பின்னால் இருந்த குப்பிக்குள் மருந்து கல்லாக இருந்தது. முன்னால் இருந்த குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திரிந்த பால் மாதிரி உள்ளே பொரிப் பொரியாக மிதந்தது. ஐஸ் பிடிக்கிற இடத்தில் வைக்காதே என்று சொன்னார்கள், நான் வைக்கவில்லை. ஐஸ் தானாக மருந்து இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. கீழ்த் தட்டில் இருந்த மாவோ புளித்துப் பொங்கியிருந்தது. மேலே கல்லாக்குகிறது, கீழே குளிரவே இல்லை. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும், டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தோம். விஷயத்தைக் கேட்டதும் பழைய மருந்து அத்தனையையும் எறியச் சொன்னார், அளவைப் பழையபடி குறைக்கச் சொன்னார். புது மருந்தைப் பெட்டியில் வைக்க எனக்குத் துணிவில்லை. மறுபடியும் ஈர மணல் பானைதான். மார்கழி, தை வரை பானை தாங்கும். மலையானாலும் பங்குனி, சித்திரையில் தாங்காது. அதற்குள் பெட்டி சரியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் பெட்டியின் பின்னால் கை வைத்துப் பார்த்தார். கொதித்தது.

"எவ்ளோ நாளாக்கா இப்படி ஓடிக்கினே கீது?"

"கார்த்திகையிலருந்து நிக்கவே இல்லீங்க" என்றேன்.

"நின்னு நின்னு ஓடணும்க்கா. நிக்காம ஓடுனா குளிரு பத்தலன்னு அது தவிக்குதுன்னு அர்த்தம்."

குளிர் போதும் என்றானதும் மெஷினை நிறுத்தும் ஒரு சாமான் இருக்கிறதாம், தெர்மோஸ்டாட் என்றார். அது போயிருக்கும் என்று சொல்லி, பனியைக் கரைத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். மாட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி நிற்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் நிற்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். கயிறு வெளியே வரும் இடத்தில் விரல் நின்றது. கதவு ஓரத்து ரப்பர் அங்கே மட்டும் தூக்கிக்கொண்டிருந்தது. முடிச்சிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார், மேலே காணிக்கைத் துணியைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது வழியாதான் காத்து உள்ள போவுதுண்ணே. மலைக்காத்து ஈரமில்ல, அதான் பனியா புடிச்சிக்கினே போவுது, பனி அடைச்சதுல குளிரு கீழ எறங்கல. ஆனா இது சாமி விசயம். நான் கை வைக்க மாட்டேன்." சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பி வரும் வரை கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கு வேர்க்கவில்லை. வெளிக்காற்று உள்ளே போய்த் தண்ணீராகிக் கயிற்றின் வழியே சொட்டியிருக்கிறது. நிற்காமல் ஓட வேண்டும் என்று வேண்டிக் கட்டிய கயிறேதான் பெட்டியை நிற்க விடாமல் செய்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"அவுத்துடலாங்க" என்றேன் அவர் வந்ததும்.

"ஆடி வரைக்கும் அவுக்கக் கூடாது."

"சித்திரை வெயில்ல பானை தாங்குமா? ஒரு நாளு மருந்து கெட்டாலும் இன்னா ஆவும்னு பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். கயித்த எடுத்தா பெட்டி நிக்கும். நின்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது."

"இன்னா ஆவும்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கி சாமிகிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன். இந்தப் பெட்டி ஓடற வரைக்கும் எம் பொண்ணு மூச்சு ஓடணும்னு சொல்லிட்டேன். வாயில அப்படி வந்துடுச்சி."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் கதவோரம் மகள் நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

பொங்கல் வந்ததும் போனதும் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதெல்லாம் ஒன்றுதான். என் மகள் பள்ளிக்குப் போகும் முன் கயிற்றைத் தொடுவதை விட்டுவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் செருப்பை மாட்டுவாள். பள்ளி விட்டு வந்ததும் பையை இறக்கும் முன் காதை வைப்பாள். கரண்ட் போனால் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். என்னிடமிருந்த பயத்தையெல்லாம் ஒரே வாரத்தில் அவள் வாங்கிக்கொண்டாள். நான் பயந்தால் நான் வளர்ந்தவள், எனக்குப் பழகிப்போனது. பத்து வயதுப் பிள்ளை தன் மூச்சு ஒரு மெஷினுக்குள் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு எப்படி வாழும்? எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமிமேலும் வந்தது.

ஒரு நாள் அவர் ஜீப் நடைக்குப் போயிருந்தார், அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை வைத்துவிட்டு எழுந்தேன். துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் கயிற்றை வெளியே ஒரு வெட்டு, உள்ளே ஒரு வெட்டு வெட்டினேன். ஈரக் கயிறு லேசில் அறுபடவில்லை, அறுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தக் கொஞ்ச நாளிலேயே மறுபடி பிடித்திருந்த பனியைக் கரைப்பதற்காகச் சுவிட்சை அணைத்தேன்.

பெட்டி நின்றது. கரண்ட் இருக்கும்போதே, என் கையால் நின்றது. வீடு அப்படி அமைதியாக இருந்து எத்தனை நாளாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் பள்ளிக்கு ஓடினேன். தலையை அள்ளி முடியவில்லை, கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. வழியில் யாரோ என்னவோ கேட்டார்கள், நிற்கவில்லை. பள்ளிச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். என் மகள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் இரண்டு பேரையும் அதட்டினார். நான் அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டு வாங்கியதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து பனியைக் கரைத்து, துடைத்து, கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் கழுவினேன். கயிறு இருந்த இடத்தில் ரப்பர் பள்ளமாக நசுங்கிக் கிடந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி அதை நிமிர்த்தினேன். ஒரு காகிதத்தைக் கதவுக்கு நடுவில் வைத்து மூடி இழுத்தால், முன்பு கயிற்றுப் பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். இப்போது இறுக்கிப் பிடித்தது. சுவிட்சைப் போட்டேன். ஓடத் தொடங்கியது.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். மகள் வழக்கம்போல் பெட்டியில் காதை வைத்தாள். கயிறு இல்லாததை அப்போதுதான் பார்த்தாள். அவரும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் வெட்டிய துண்டுகளையும் காணிக்கை முடிச்சையும் ஒரு தட்டில் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். மூன்று பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் அரிசி களைந்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு, டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. லைட் எரிந்துகொண்டிருந்தது.

என் மகள் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் பெட்டியின் மேலேயே இருந்தது. விட்டால் போய்விடும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் சிவந்துகொண்டே வந்தது.

"வுடு" என்றேன். "மூச்ச வுடு கண்ணு."

அவள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அவள் அப்பா எழுந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "அப்பா சொல்றேன் இல்ல, வுடும்மா. அப்பாதான் ஏதோ தெரியாம சொல்லிட்டேன். வுடு." அவளால் அதற்கு மேல் பிடிக்க முடியவில்லை. புஸ்ஸென்று விட்டாள். விட்டுவிட்டு, திரும்ப ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். இன்னொன்று இழுத்தாள். அப்புறம் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். நாங்கள் அழுது முடிக்கும் முன்பே பெட்டி தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு மருந்து கெடவில்லை. சர்க்கரை இறங்கி நிதானத்துக்கு வந்தது. மகள் கன்னத்தில் சதை பிடித்தது, பாவாடையில் நான் பிடித்த தையலைப் பிரித்துவிட்டேன். ஆனால் என் மனசு மட்டும் பிரியவில்லை. காப்பை அவிழ்க்காமல் அறுத்தவள் நான். அதற்கு ஒரு பலன் உண்டென்றால் அது எங்கே இறங்கும்? பெட்டியில் காதை வைத்துத் திரிந்த பிள்ளையின் தலையில் இறங்கிவிட்டால்? இதை அவரிடம் சொல்லவும் பயம். அந்தப் பக்கத்தில் இப்படி ஏதாவது தப்பு நடந்துவிட்டால் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தி, செய்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டவர் தலையோடு அது போய்விடும், குடும்பத்துக்கு வராது. ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்துக்கொண்டு மலைக்கோயிலுக்கு நடந்தேன்.

பூசாரி சருகு கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார்.

"வாம்மா. நீயும் அந்தக் கயித்து விசயமாத்தான் வந்தியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து உங்க வூட்டுக்காரரு வந்தாரு. கயித்த அறுத்தது நான்தான், எது வந்தாலும் எந்தலைக்கு வரட்டும், பொண்டாட்டி புள்ளய வுட்டுடுன்னு சொல்லி சூடம் கொளுத்திட்டுப் போனாரு."

நான் கையிலிருந்த சூடத்தைப் பார்த்தேன்.

"அவருக்கு முன்னாடியே உம் பொண்ணு வந்துட்டுப் போயிடுச்சி. காலைல, பள்ளிக்கூடத்துப் பையோட. சூடம்கூட இல்ல, வெறுங்கையோட வந்து நின்னுச்சி. எங்கம்மா கத்திரிக்கோல எடுத்து நான்தான் அறுத்தேன்னு சொல்லிச்சி. எனக்குத்தான் ஏற்கெனவே சீக்கு கீதே, இதையும் எம்மேலயே போட்டுடு, எங்கம்மா மேல போட்டுடாதன்னு சொல்லிச்சி." அவர் லேசாகச் சிரித்தார். "ஒரு கயித்த எத்தினி பேருதாம்மா அறுப்பீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழம் நழுவி உருண்டு ஓடியது, அதை எடுக்கவும் தோன்றவில்லை. நேராக உள்ளே போய்ச் சூடத்தை ஏற்றினேன். ஒரு வாரமாக என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன், அத்தனையும் மறந்துபோனது.

"முதல்ல வந்த அந்தப் புள்ள சொன்னது பொய்" என்றேன். "அவங்க அப்பா சொன்னதும் பொய். அறுத்தது நான்."